டேப்லெட் பேட்டரி: மாற்றுவதா, புதிது வாங்குவதா, சார்ஜ் போடும் விதத்தை மாற்றுவதா?

பங்குனிக் கடைசியில் அக்கா போன் செய்தாள். செக்கானூரணியில் மச்சானுக்கு மளிகைக்கடை. பில் போடுவது, கடன் கணக்கு எழுதுவது எல்லாம் ஒரு டேப்லெட்டில்தான். "தம்பி, கரண்ட் போனா டேப்பும் கொஞ்ச நேரத்துல அணைஞ்சு போகுதுடா. பேட்டரி மாத்தவா, புதுசு வாங்கவா? ஒன் மச்சான்கிட்ட கேட்டா, அது பாட்டுக்கு ஓடட்டும்ங்கிறாரு" என்றாள்.

எனக்கு இது வெறும் விலை விசாரிப்பாகத் தெரியவில்லை. ஏனென்றால் மூன்றரை வருடத்துக்கு முன்னால் டவுன்ஹால் ரோட்டில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலில் இரண்டு டேப்லெட் எடுத்தோம். ஒன்று மச்சான் கடைக்கு, இன்னொன்று என் மகளுக்கு. மகளுடையது இன்றைக்கும் ஒரு முழுப் பகல் படிப்புக்குத் தாங்குகிறது. மச்சானுடையது பிளக்கைப் பிடுங்கினால் இருபது நிமிடம். ஒரே பேட்டரி, ஒரே வயது. அப்படியென்றால் வித்தியாசம் பொருளில் இல்லை, அது இருந்த இடத்திலும் அதற்குச் சார்ஜ் போட்ட விதத்திலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பேட்டரியை மாற்றினாலும் சரி, புதிது வாங்கினாலும் சரி, இரண்டு கோடையில் மறுபடியும் இதே போன் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் மேற்குச் சுவரில் ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதில் டேப்லெட். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மூன்று மணிக்கு வெளியிலிருந்து வெயில் அந்தச் சுவரில்தான் அடிக்கிறது. சார்ஜர் வயர் வாங்கிய நாளிலிருந்து செருகியபடியே இருக்கிறது, இரவிலும் எடுப்பதில்லை. திரை வெளிச்சம் முழுசாக. பின்பக்கம் கையை வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. கழற்றி மேசையில் படுக்க வைத்தபோது ஒரு பக்கம் லேசாக ஆடியது. கடையில் விற்பனைக்குத் தொங்கிய பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்து அதன் முதுகில் நிறுத்திப் பார்த்தேன். நடுவில் தொட்டது, இரண்டு ஓரத்திலும் ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. பேட்டரி உப்பியிருக்கிறது.

அந்த நிமிடமே 'அது பாட்டுக்கு ஓடட்டும்' என்ற வழி அடைபட்டுவிட்டது. உப்பல் என்பது உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயுவாகி அடைந்து கிடப்பது. அது திரும்ப வற்றாது. அழுத்தினாலோ, குத்தினாலோ, மேலும் சார்ஜ் ஏற்றினாலோ தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உடனே அணைத்து, வயரைப் பிடுங்கி, தாள், எண்ணெய் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்டுத் திண்ணையில் நிழலில் வைத்தோம். உங்கள் வீட்டு டேப்லெட்டிலும் திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, முதுகு மேடாக இருந்தாலோ, எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் முதல் வேலை இதுதான்.

மிச்சம் மூன்று வழி: லோக்கல் கடையில் பேட்டரி மாற்றுவது, கம்பெனி சர்வீஸில் மாற்றுவது, புதிதாக வாங்குவது.

லோக்கல் கடையில் செலவு குறைவு, பெரும்பாலும் அன்றைக்கே கையில் கிடைக்கும். ஆனால் டேப்லெட் பேட்டரி மாற்றுவது பழைய பட்டன் போனில் மூடியைத் தள்ளிவிட்டு மாற்றுவது போல் இல்லை. பல மாடல்களில் திரையைச் சூடான தட்டில் வைத்து, ஒட்டியிருக்கும் கம்மை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரமாக நுழைத்துப் பிரிக்க வேண்டும். கை அவசரப்பட்டால் டிஸ்பிளே போய்விடும், அதன் விலை பேட்டரியைவிட அதிகம். உள்ளே பேட்டரியும் பசையால் ஒட்டியிருக்கும். உப்பிய பேட்டரியை இரும்புக் கத்தியால் நெம்புகிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதனால் விலையைக் கேட்பதற்கு முன் நான் கேட்டது வேறு கேள்விகள். இந்த மாடலை இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா? டிஸ்பிளே உடைந்தால் யார் பொறுப்பு? புது பேட்டரிக்கு எத்தனை மாதம் வாரண்டி? பேட்டரியை ஒட்டுவதற்கு முன் நான் பார்க்கலாமா?

கடைசிக் கேள்வி முக்கியம். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். அதன் மேல் ஐஎஸ் 16046 என்ற தரக் குறியும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பழைய பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் புதியதில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்று சொல்லும் எம்ஏஎச் அளவு பழையதைவிட ரொம்ப அதிகமாகப் போட்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அதே பள்ளத்தில் அடங்கும் அதே கனமுள்ள பேட்டரிக்குள் திடீரென்று ஒன்றரை மடங்கு சரக்கு அடங்காது. கையில் எடுத்தால் வெயிட்டே இல்லாமல் இருப்பதும் நல்ல அடையாளம் இல்லை. தயாரித்த தேதி இருந்தால் பாருங்கள். கடைப் பெட்டியில் மூன்று வருடம் கிடந்த பேட்டரி புதுசு இல்லை, அதுவும் நம் ஊர் சூட்டில்.

கம்பெனி சர்வீஸில் ஒரிஜினல் பேட்டரி கிடைக்கும், பிரிப்பதற்குச் சரியான கருவியும் இருக்கும். வாரண்டிக்குள் இருக்கும் டேப்லெட் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் கொடுக்க வேண்டும். ஆனால் விலை கூடுதல், சில நாள் ஆகும், மூன்று நான்கு வருட மாடலுக்குப் பேட்டரி இருப்பு இல்லாமலும் போகலாம். உள்ளே இருக்கும் கணக்கை அழித்துவிட்டுக் கொடுக்கச் சொல்வதும் உண்டு. மச்சானுக்கு இடித்தது அங்கேதான், ஊர்க்காரர்களின் கடன் கணக்கு முழுக்க அதில் இருந்தது. எந்த வழியானாலும் முதலில் கணக்கை வேறிடத்தில் சேமித்து வையுங்கள். உப்பிய பேட்டரியோடு மறுபடி ஆன் செய்ய முடியாதே என்று பயந்தோம். நல்லவேளை, பில் போடும் ஆப் கணக்கை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. மச்சான் போனில் திறந்து பார்த்துச் சரிபார்த்தோம்.

புதிது வாங்கலாமா என்பதை பேட்டரியை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. டேப்லெட்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா, தேவையான ஆப் அதில் ஓடுகிறதா, திரை நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் மாற்றுவதே லாபம். அப்டேட் நின்று, பேட்டரி மாற்றும் செலவும் புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் புதிதுக்குப் போவேன். மச்சானுடையதில் அப்டேட் வந்துகொண்டிருந்தது, திரையில் ஒரு கீறல் இல்லை. லோக்கலில் மாற்றினோம். 1,800 ரூபாய், அரை நாள்.

சரி, இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். புது பேட்டரியும் அதே சுவரில், அதே வயரில் தொங்கினால் என்ன ஆகும்?

லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரி. ஒன்று சூடு. இன்னொன்று, நிறைந்த வயிறோடு நெடுநேரம் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் சேதம் பல மடங்கு. பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தொழில்நுட்ப இணையதளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பது அந்தக் கணக்கு. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 80. 40 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் என்றால் 85. 40 டிகிரியில் முழு சார்ஜில் என்றால் 65. அதாவது கைகூடத் தொடாமல், ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

மதுரையில் 40 டிகிரி என்பது ஆய்வுக்கூட அளவு இல்லை. கத்திரி வெயிலில் நிழலிலேயே அந்தக் கணக்கு வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, சார்ஜ் ஏறிக்கொண்டு, திரையும் எரிந்துகொண்டிருக்கும் டேப்லெட்டின் உள்ளே இன்னும் கூடுதல். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பே 35 டிகிரிதான், அதற்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று சொல்கிறார்கள். நமக்கு வருடத்தில் சில மாதம் அந்த வரம்புக்கு வெளியேதான் வாழ்க்கை. குளிர்ந்த ஊர்க்காரர்களுக்காக எழுதிய சார்ஜிங் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். அவர்கள் சதவீதத்தைப் பற்றி முதலில் பேசுகிறார்கள். நாம் இடத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

அடுத்து சார்ஜ் போடும் வழிகள். எங்கள் குடும்பத்திலேயே மூன்று வகை இருந்தது.

அப்பா வழி: முழுசாக இறங்கி அணையும் வரை பழைய பாட்டு பார்ப்பார், அப்புறம் நூறு வரை ஏற்றுவார். "பாதியில சார்ஜ் போட்டா பேட்டரி கெட்டுப்போகும்" என்பார். அவர் சொன்னது ஒரு காலத்தில் அர்த்தமுள்ள பேச்சு. நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு அப்படி ஒரு குணம் இருந்தது. அவர் வைத்திருந்த கார்ட்லெஸ் போன் அந்த வகை. 1991இல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு படிப்படியாக எல்லாம் மாறிவிட்டது. லித்தியத்துக்கு நேர் எதிர்: அடிமட்டம் வரை இறக்குவதுதான் அதற்குக் கஷ்டம். 30இல் போட்டு 70இல் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது, நல்லதுதான். பாதியிலிருந்து முழுசுக்கு இரண்டு தடவை ஏற்றினால் ஒரு சுழற்சி என்று கணக்கு. அடிக்கடி போட்டதால் ஆயுள் குறையாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை, பிறகு "20 வந்தா போடுறேன்" என்று ஒத்துக்கொண்டார். அது போதும்.

மகள் வழி: இரவு படுக்கும்போது செருகிவிட்டுக் காலையில் எடுப்பது. இதில் ஒரு தவறான பயம் உண்டு, நூறைத் தாண்டி ஏறி வெடித்துவிடும் என்று. ஏறாது, உள்ளே இருக்கும் சிப் நிறுத்திவிடும். ஆனால் ஒரு மணிக்கே நிறைந்துவிட்டு, காலை ஆறு வரை நிறைந்த நிலையிலேயே இருக்கும். பல வீடுகளில் அதுவும், இரவிலும் மொட்டை மாடி வெக்கை இறங்கிக்கொண்டிருக்கும் அறையில், மெத்தை மேல், கவரோடு. மகளுடையது தப்பித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அவள் மெத்தையில் வைக்காமல் ஜன்னலோரக் கல் அலமாரியில் வைப்பாள், அதுவும் கவரைக் கழற்றிவிட்டு. கவர் கழற்றுவது கெட்டுப்போகாமல் இருக்க இல்லை, அதன் பின்பக்கப் பூ வரைந்திருக்கும் ஸ்டிக்கர் சூட்டில் உரியாமல் இருக்கத்தான். எதற்காகச் செய்தாலும் பேட்டரிக்கு அது நல்லதாக முடிந்தது.

மூன்றாவது, 80இல் நிறுத்துவது. சாம்சங் டேப்லெட்டுகளில் பேட்டரி அமைப்பில் இதற்கு வசதி இருக்கிறது. பழையவற்றில் 85, புதியவற்றில் 80. ஐபேடில் 2024இல் வந்த எம்2 ஏர், எம்4 புரோ, ஏ17 புரோ மினி மாடல்கள் முதல் 80 வரம்பு வைக்கலாம். வசதி இல்லாத டேப்லெட்டுக்குக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிற டைமர் பிளக் கிடைக்கிறது. இரண்டு மணி நேரம் திருப்பிவிட்டுப் படுத்தால் அதுவே கரண்டை நிறுத்திவிடும். கண்விழித்துக் காத்திருந்து பிடுங்குவது எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நடக்காது, அதனால் அதை நான் வழியாகவே சேர்க்கவில்லை.

80 வரம்பு எல்லோருக்கும் நல்லதா? இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பேட்டரி தேய்ந்து இரண்டு மூன்று வருடத்தில் 20 சதவீதம் போகும் என்று பயந்து, முதல் நாளிலிருந்தே அந்த 20 சதவீதத்தை நாமே விட்டுக்கொடுப்பது சிலருக்கு நஷ்டக் கணக்கு. ஐபேடையே 1,000 முழுச் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினமும் ஒரு சுழற்சி என்றாலும் அது கிட்டத்தட்ட மூன்று வருடம். அதனால் என் முடிவு இப்படி. கடை கல்லா, வரவேற்பறை மேசை, சமையலறை என்று எப்போதும் பிளக்கோடு இருக்கும் டேப்லெட்டுக்கு வரம்பு கட்டாயம். அங்கே நூறால் எந்தப் பயனும் இல்லை, கெடுதல் மட்டும்தான். காலையில் பைக்குள் போய் மாலையில் திரும்பும் டேப்லெட்டுக்கு நூறு வரை ஏற்றலாம், ஆனால் இரவு முழுக்க இல்லை, கிளம்புவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில். அப்பாவைப் போல் வீட்டில் இரண்டு மணி நேரம் பார்க்கிறவருக்கு வரம்பை வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

சார்ஜர் விஷயத்தில் பெரிய குழப்பம் வேண்டாம். 45 வாட் அடாப்டரை 15 வாட் வாங்கும் டேப்லெட்டில் செருகினால் அது 15தான் வாங்கும். மறுபக்கம், பழைய 5 வாட் போன் அடாப்டர், பேட்டரியில் 27 வாட் மணி (ஒரு மணி நேரத்துக்கு 27 வாட் தரும் அளவு) அடங்கும் டேப்லெட்டை நிரப்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இரவு டைமர் வைத்துப் போட அது சரியான ஜோடி. மதிய வெயிலில் வேகமாக ஏற்றுவதைத் தவிர்க்கலாம். குறியே இல்லாத அடாப்டர் மட்டும் எந்த நேரத்திலும் வேண்டாம். அடாப்டரிலும் பிஐஎஸ் குறி பாருங்கள்.

வெளியே கொண்டுபோகிறவர்களுக்குப் பவர் பேங்கைவிட நான் அழுத்திச் சொல்வது ஸ்கூட்டர் டிக்கி. மகள் சனி ஞாயிறுகளில் நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்கப் போவாள். ஒருநாள் சாப்பிட வெளியே வந்தபோது டேப்லெட்டை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மேலே கறுப்பு சீட், அதன் மேல் உச்சி வெயில், கீழே ஓடி நின்ற எஞ்சின். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது திரையில் சூடு அதிகம் என்று எச்சரிக்கை, ஆன் ஆகவே இல்லை. நிழலில் அரை மணி ஆறிய பிறகுதான் வந்தது. அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் உண்டு. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், செய்யாதீர்கள். அன்றிலிருந்து அவள் தோள் பையை விட்டு இறக்குவதில்லை.

பவர் பேங்க் வாங்குவதென்றால் ஒரு கணக்கு மட்டும். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட் மணி. வெளியே வரும்போது இழப்பு போகப் பாதிக்கு மேல் கிடைக்கும். ஒரு டேப்லெட்டை ஒன்றரை தடவை நிரப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் 12 வோல்ட், 150 ஏஎச் (1,50,000 எம்ஏஎச்) பேட்டரியுள்ள இன்வர்ட்டர் இருந்தால் அது கிட்டத்தட்ட 1,800 வாட் மணி, அதற்கு டேப்லெட் ஒரு சுமையே இல்லை. வீட்டுக்குள் பயன்படுத்தப் பவர் பேங்க் வாங்குவது வீண்.

மச்சான் கடையில் டேப்லெட் இப்போது கிழக்குச் சுவர்ப் பக்கம், மர அலமாரியில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் நிற்கிறது. பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி. வரம்பு 85. திரை வெளிச்சம் பாதி. முதலில் மச்சானுக்கு மனசே இல்லை. கல்லாவிலிருந்து எட்டி எடுக்கணும், வாடிக்கையாளருக்குத் தொகை தெரியாது என்றார். ஸ்டாண்டைச் சாய்த்து வைத்ததும் சரியாகிவிட்டது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்ட் நிறுத்துவார்களே, அதற்கு முந்திய இரவு மட்டும் வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றச் சொல்லியிருந்தேன்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலை நான்கு வரை வரவில்லை. நாலே காலுக்கு அக்கா போன். "கரண்ட் வந்துருச்சுடா. டேப்புல இன்னும் 38 இருக்கு. பில் ஒண்ணுகூட நோட்டுல எழுதல." பழைய பேட்டரி அதுவரை கடைக்குப் பின்னால், மணல் போட்ட தகர டின்னில்தான் இருந்தது. பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டாம், குப்பையிலும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த வாரம் மதுரை வரும்போது மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். டின்னை மடியில் வைக்காமல், வெயில் படாமல் கொண்டு வா என்றேன்.